‘மூணுல நிக்குது’ பாட்டின் உட்பொருள்

எங்கள் கட்டடத்தில் எட்டு மாடிகள், பதினான்கு அலுவலகங்கள், ஒரே ஒரு லிஃப்ட். மாடிகளும் அலுவலகங்களும் அரசாணையின்படி அமைந்தவை. லிஃப்ட் மட்டும் தன் இஷ்டத்துக்கு இயங்கியது.

நான் ஆறாவது மாடியில், முகவரி மாற்றப் பிரிவில் எழுத்தர். வீடு மாறியவர்கள் தாங்கள் வீடு மாறியதை எங்களிடம் நேரில் வந்து நிரூபிக்க வேண்டும். ஆறு மாடி ஏறி வருகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்பது எங்கள் பிரிவுத் தலைவரின் நம்பிக்கை. அதனால் லிஃப்ட் ஓடாத நாட்களில் அவர் உற்சாகமாக இருப்பார். என் முழங்கால் அவ்வளவு உற்சாகமாக இருக்காது.

மூன்றாவது மாடியில் இருப்பது பாடல் உட்பொருள் ஆய்வு இயக்ககம். இந்த ராக் பாட்டுக்காரர்கள் தலைமுடியை வளர்த்துக்கொண்டு, கிதாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கத்துகிற கத்தலுக்குள் எதையோ ஒளித்து வைக்கிறார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ ஒரு நாள் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த மறு மாதமே முப்பத்திரண்டு பேருக்கு வேலை வந்தது. இயக்குநர் பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கோப்பு பார்க்கும்போதும் அப்படித்தான். அவருக்கு அடுத்தபடியாக முதுநிலை ஆய்வாளர். கையில் எப்போதும் சிவப்புப் பென்சில் இருக்கும், எதைக் கண்டாலும் கோடு போடுவார். கேன்டீன் பலகையில் ‘சூடான’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, “இது யாரைக் குறிக்குது?” என்று டீ ஆற்றுகிறவரைக் கேட்டவர். கட்டடத்தில் அவருக்குப் பெயர் அடிக்கோடு மேடம்.

இனி நம் மெக்கானிக். லிஃப்டைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். ஒல்லி உடம்பு, அதிகம் பேச மாட்டான். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் வேறு ஆள். அவனுடைய அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதாத நேரத்தில் டிரம்ஸ் அடிப்பார். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் பெண் ஒருத்தி கிதார். சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில், காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே, மூன்று பேரும் சேர்ந்து காதைக் கிழிப்பார்கள்.

லிஃப்டைத் தாங்குகிற கம்பிக் கயிறுகள் இழை இழையாக அறுந்துகொண்டிருந்ததை மெக்கானிக் பார்த்துவிட்டான். இரண்டாவது மாடியிலுள்ள கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு மனு எழுதினான். பதில் இல்லை. மறுபடியும் எழுதினான். ‘பழுது, ஏறாதீர்’ என்று லிஃப்டுக்கு முன்னால் ஒரு பலகை தொங்கவிட்டான். வாசகம் ஊழியர்களின் மன உறுதியைக் குலைப்பதாக உள்ளது என்று அதைக் கழற்றிவிட்டார்கள். அவனாக லிஃப்டை நிறுத்தவும் முடியாது. நிறுத்துவதற்கு எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். விழுவதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அக்கா கேட்டார்.

“எத்தனை மனுடா குடுத்த?”

“பதினொண்ணு.”

“படிச்சாங்களா?”

“வாங்கிக்கிட்டாங்க.”

“யாராவது உள்ள இருக்கும்போது அறுந்தா?”

“அப்ப என் பேரைக் கண்டுபிடிச்சிருவாங்க. பதிவேட்டுல கையெழுத்து என்னோடதுதானேக்கா?”

அக்கா குச்சிகளைக் கையில் எடுத்தார். “சரி, எழுதினது போதும். கத்து. நான் டிரம்ஸ் அடிக்கவாவது ஆகும்.”

அவன் கத்தினான். பதினோராவது மனுவில் எழுதியதைத்தான் கத்தினான். ‘ஐயா’வையும் ‘பணிவன்புடன்’ஐயும் மட்டும் எடுத்துவிட்டான்.

மூணுல நிக்குது, மூச்சுத் திணறுது!
ஏறச் சொன்னா இறங்குது, இறங்கச் சொன்னா உறங்குது!
கயிறு தேஞ்சு போச்சுடா, கதவு கோணிப் போச்சுடா!
யாருகிட்டச் சொல்லுவேன்? யாருகிட்டச் சொல்லுவேன்?

இதற்கு மேல் ‘எண்ணெய்! எண்ணெய்!’ என்று இருபத்தேழு தடவை. வரவேற்புப் பெண் அதைச் செல்போனில் பிடித்து இணையத்தில் போட்டாள். மூன்றே வாரத்தில் அந்தப் பாட்டு பேருந்தில் ஓடியது, சலூனில் ஓடியது, எங்கள் பிரிவுத் தலைவரின் செல்போனில் அழைப்பொலியாகவும் அலறியது. பதினோரு மனுக்களுக்கு ஏழு மாதமாக வராத பதில், அந்த அலறலுக்கு நான்கே நாளில் வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து அல்ல, மூன்றாவது மாடியிலிருந்து.

‘பார்வையில் கண்டுள்ள பாடலின் உட்பொருளை நேரில் ஆஜராகித் தெரிவிக்குமாறும், தவறினால் உட்பொருள் இயக்ககத்தாலேயே நிர்ணயிக்கப்படும் என்றும் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.’

விசாரணைக்குக் குறிப்பெடுக்க ஆள் பற்றாக்குறை என்று ஆறாவது மாடியிலிருந்து என்னை இரவல் வாங்கினார்கள். ஆகவே நடந்தது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

“உட்பொருள் என்ன?” என்று இயக்குநர் கண்ணை மூடியபடி கேட்டார்.

“லிஃப்ட் சார்.”

“அது வெளிப்பொருள். உள்ளே?”

“உள்ளேயும் லிஃப்ட்தான் சார்.”

“எந்த லிஃப்ட்?” என்றார் அடிக்கோடு மேடம்.

“நீங்க ஏறி வந்த லிஃப்ட் மேடம்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “குறிச்சுக்குங்க. ‘நீங்க ஏறி வந்த.’ நம்ம பதவி உயர்வைக் குத்திக் காட்டுறார்.” குறித்துக்கொண்டேன். “சரி, எண்ணெய் எண்ணெய்னு கத்துறீங்களே, அது எந்த நாட்டைப் பத்தி?”

“கதவு ஓடுற தண்டவாளத்துக்கு எண்ணெய் போடணும் மேடம். கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்.”

“தண்டவாளம்! அப்ப ரயில்வேயும் இதுல இருக்கு.”

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன்.

“மேடம், இதுல மறைச்சு வைக்க ஒண்ணுமே இல்ல.”

“தாராளமா அப்படியே சொல்லுங்க. உட்பொருள் இல்லைன்னா உட்பொருளின்மைச் சான்றிதழ் ஒண்ணு வாங்கிட்டா போதும்.”

“அதை எங்க வாங்குறது?”

“இங்கதான். விண்ணப்பத்துல, இந்தப் பாட்டுல இல்லாத உட்பொருள் எதுன்னு தெளிவா எழுதிக் குடுக்கணும்.”

“இல்லாததை எப்படி மேடம் எழுதுறது?”

“இல்லாதது எதுன்னே தெரியலைன்னா, அது இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் தலையைச் சொறிந்தான். அது சம்மதமாகப் பதிவு செய்யப்பட்டது.

அடுத்த வாரம் பாட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ராக் பாட்டுகளைத் தலைகீழாக ஓட்டினால் உண்மை வெளியே வரும் என்பது இயக்ககத்தின் கொள்கை. நேராகக் கேட்பதற்கு அங்கே தனிப் பணியிடம் கிடையாது. ஐந்து பேர் கொண்ட செவிக்குழு அமர்ந்தது. ஒருவருக்கு ‘தீ வை’ என்று கேட்டது. இன்னொருவருக்கு ‘தேநீர் வை’ என்று கேட்டது. மூன்றாமவருக்குத் தன் மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்ததாம். வேர்த்துப்போய் வெளியே போய்விட்டார். வாக்கெடுப்பில் தீக்கும் தேநீருக்கும் சம வாக்கு. முடிவெடுக்க ஒரு பேராசிரியர் வரவழைக்கப்பட்டார். இரண்டையும் இணைத்து, ‘கொதிநிலை’ என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இதற்குள் வெளியே பாட்டு நாகரிகமாகிவிட்டது. இளைஞர்கள் பிரிந்துபோன கயிற்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். புதுக் கயிறு வாங்கி வீட்டில் உட்கார்ந்து பிரித்தவர்களை, ஏற்கெனவே தேய்ந்த கயிறு வைத்திருந்தவர்கள் கேவலமாகப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் ‘மூணு’ என்பது பிறப்பு, வாழ்வு, இறப்பு என்றார். இன்னொருவர், சேச்சே, அது மூன்றாம் உலகப் போர் என்றார். இருவரும் அடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது விளம்பர இடைவேளை வந்தது.

ஒரு நாள் மதியம் இயக்குநர் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். எழுத்தர் இருப்பதை ஆள் இருப்பதாக அங்கே யாரும் எண்ணுவதில்லை. இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு, முதல் தடவையாகக் கண்ணை நன்றாகத் திறந்து அவனைப் பார்த்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லு. மூணுல நிக்குதுன்னு எழுதினியே, உனக்கு யார் சொன்னா?”

“எதை சார்?”

“பதவிமூப்புப் பட்டியல்ல பதினோரு வருஷமா நான் மூணாவது. மேல ரெண்டு பேரும் ஓய்வு பெற மாட்டேங்குறாங்க. வீட்டுக்காரிகிட்டக் கூட நான் இதைச் சொன்னதில்ல. ‘யாருகிட்டச் சொல்லுவேன்’னு நீ கத்தும்போது எனக்கு…” அவர் கைக்குட்டையைத் தேடினார். மெக்கானிக் தன் தோளிலிருந்த துடைக்கிற துணியை நீட்டினான். அதில் கிரீஸ் இருந்தது. அவர் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவனுக்கு மனசு இளகிவிட்டது. “தெரியாம எழுதிட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க” என்றான்.

மறுநாள் அது ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறியது. உயர் அலுவலரின் பணிப்பதிவேட்டு இரகசியத்தைப் பாடலில் புதைத்த குற்றத்துக்காக அவனுடைய பராமரிப்பு ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது. லிஃப்டை அவன் தொடக் கூடாது. ஆனால் தினமும் மூன்று மணிக்கு மூன்றாவது மாடிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். இயக்குநரின் முகத்தில் மட்டும் அன்றும் கன்னத்தோரம் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. அது எதைக் குறிக்கிறது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

பதினெட்டு நாள் லிஃப்டை யாரும் கவனிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் மதியம் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். நான் டீ குடிக்கப் படியிறங்கி நான்காவது மாடிக்கு வந்திருக்கிறேன். கொதிநிலை அறிக்கையை எட்டாவது மாடியில் சமர்ப்பிப்பதற்காக இயக்குநர், அடிக்கோடு மேடம், பேராசிரியர் மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். பிறகு, ‘டப்’ என்று ஒரு கயிறு அறுந்தது.

மெக்கானிக் ஒரே தாவில் நான்காவது மாடிக்கு ஓடி வந்து கதவிடுக்கில் வாயை வைத்தான்.

“யாரும் அசையாதீங்க! கதவைத் தொடாதீங்க! நான் மேல போய்க் கையால சுத்தி இறக்குறேன்!” பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அண்ணே, நீங்க இங்கேயே நில்லுங்க. அசையாதீங்க, கதவைத் தொடாதீங்க. இதையே சொல்லிக்கிட்டு இருங்க. வேற எதுவும் சொல்லாதீங்க.” முகம் வெளுத்திருந்தது. எட்டாவது மாடி இயந்திர அறைக்கு ஓடினான்.

நான் இடுக்கில் குனிந்தேன். “அசையாதீங்க. கதவைத் தொடாதீங்க.”

“யாரது?” இயக்குநரின் குரல்.

“ஆறாவது மாடி எழுத்தர் சார். அசையாம இருக்கச் சொன்னார்.”

“அசையாமன்னா… கொள்கையிலயா?”

“இல்ல சார். காலை.”

“கதவைத் தொடாதீங்கன்னாரே,” என்றது மேடத்தின் குரல், “கதவுங்கிற சொல் பாட்டுலயும் வருது. ரெண்டு இடத்துலயும் அதே தொனி.”

“கவனிச்சேன்,” என்றார் பேராசிரியர். “ஒரு கலைஞன் ‘தொடாதே’ன்னு சொன்னா, அதுக்கு நேர் எதிரானதைத்தான் நம்மகிட்ட எதிர்பார்க்கிறான்னு அர்த்தம்.”

“ஐயா, தொட்டுடாதீங்க!” என்று நான் அலறினேன்.

“பார்த்தீங்களா, எவ்வளவு உணர்ச்சியோட சொல்றார்,” என்றபடி பேராசிரியர் கதவைத் தள்ளினார்.

பெட்டி ஆளுயரம் கீழே போனது. மூன்று பேரும் போட்ட கூச்சலில் உட்பொருள் எதுவும் இல்லை. எட்டாவது மாடியில் அவன் சக்கரத்தை வெறுங்கையால் பிடித்துத் தடுத்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் வழன்றுவிட்டது. பிறகு அங்குலம் அங்குலமாகச் சுற்றி, மூன்றாவது மாடித் தரைக்குச் சமமாகப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இயக்குநருக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மெக்கானிக் படியில் உட்கார்ந்து, இரத்தம் கசியும் இரண்டு கைகளையும் முழங்காலில் மல்லாத்தி வைத்துக்கொண்டான். 

“எல்லாரும் உயிரோடதானே இருக்காங்க, அண்ணே?” என்று இரண்டு தடவை கேட்டான்.

அன்று சாயங்காலமே தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கைகளைக் காட்டி அவன் பளிச்சென்று சொன்னான். “அந்தப் பாட்டு இந்த லிஃப்டைப் பத்தினது. வேற எதைப் பத்தியும் இல்ல. பழுதாகியிருக்குன்னு சொன்னேன், யாரும் கேக்கல. அவ்வளவுதான்.”

நாடே அதிர்ந்தது. அவனை மிரட்டிச் சொல்ல வைத்துவிட்டார்கள் என்று நாடு உடனே புரிந்துகொண்டது. கைகளில் கட்டு இருந்தது போதாதா? கழுத்தில் சுற்றியிருந்த கயிற்றை இளைஞர்கள் இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டார்கள். ‘லிஃப்ட் வேண்டாம், உண்மை வேண்டும்’ என்று பலகை பிடித்துக்கொண்டு எங்கள் கட்டட வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். முகவரி மாற்ற வந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, பூட்டிய லிஃப்டைப் பார்த்துவிட்டு, படியைப் பார்த்துவிட்டு, முகவரி மாற்றாமலே திரும்பிப் போனாள்.

வாசலில் ஒரு நடுவயதுப் பெண் மெக்கானிக்கை வழிமறித்தார். தைக்கிறவர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“தம்பி, என் புருஷன் அடிச்ச அடியில பேச்சே நின்னு போயிருந்தேன். உன் பாட்டைக் கேட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளிய வந்தேன். லிஃப்டாம்ல? இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?”

அவன், அவர் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றான்.

“அக்கா,” என்று அன்று கேட்டானாம், “நான் நிஜமாவே வேற எதையாவது சொல்லிட்டேனா? எனக்கே தெரியாம?”

அக்கா சிரித்திருக்கிறார். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான். யாராவது ‘வணக்கம்’ என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அவனுடைய ஒப்பந்தம் திருப்பித் தரப்பட்டது. ‘ஏன் இப்போ?’ என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை, எனவே எல்லோரும் சந்தேகப்பட்டோம்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது மாடியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நான் இருபத்திரண்டு வருட சர்வீஸில் அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்ததில்லை. ‘லிஃப்டின் கயிறுகளைப் புதிதாக மாற்ற அனுமதிக்கப்படுகிறது. உத்தரவு முப்பது நாட்களுக்குச் செல்லும்.’ முடிந்தது. பார்வை எண் இல்லை, ‘மேற்படி’ இல்லை, ‘தக்க’ இல்லை.

கீழ்த்தளத்தில், பூட்டிய லிஃப்டுக்கு முன்னால், மெக்கானிக்கும் அக்காவும் நானும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும் அதைச் சுற்றி நின்றோம்.

“நான் கேட்டதையே ஏன் குடுக்குறாங்க?” என்றான் மெக்கானிக்.

“கேட்ட, குடுக்குறாங்க. வேலையைப் பாருடா,” என்றார் அக்கா.

“‘கயிறுகளை’ன்னு பன்மையில போட்டிருக்காங்க. ஒண்ணுதான் அறுந்தது.”

“எல்லாத்தையும் மாத்தத்தானேடா பதினொரு மனு எழுதின?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. சொன்னேன். சாய்ந்த முத்திரை என்றால் சம்மதமில்லாத கையெழுத்து என்றார் ஐந்தாவது மாடிக்காரர். ‘புதிதாக’ என்றால் பழைய ஆளை மாற்றப்போகிறார்கள் என்றார் ஏழாவது மாடி. செய்தி கேட்டு ஊன்றுகோலுடன் வந்த இயக்குநர் கண்ணை மூடி, “முப்பதுங்கிறதுல ஒரு மூணு இருக்கு” என்றார்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். எல்லோரும் அமைதியானோம்.

“டேய், கயிறை மாத்துன்னு எழுதியிருக்காங்க. கயிறை மாத்துடா!”

தம்பி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“அக்கா, அவ்வளவு நேராவா எழுதுவாங்க?”

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவசரப்பட வேண்டாம், நன்றாக யோசித்துவிட்டுச் செய்யலாம் என்று முடிவெடுத்தோம். தினமும் படியேறுகிறபோது யோசித்தோம், இறங்குகிறபோது விவாதித்தோம். மாடிக்கு ஒரு விளக்கம் உருவானது. அக்கா இரண்டு நாள் வந்து கத்திப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. உத்தரவு காலாவதியாகிவிட்டது, மறுபடியும் மனு செய்யவும் என்று எழுதியிருந்தது. படியில் நின்றபடியே படித்தோம். அது மட்டும் எங்கள் எல்லோருக்கும் முதல் வாசிப்பிலேயே புரிந்தது.